எடுத்தாச்சு, எடுத்தாச்சு!

மொட்டை மாடி மோட்டார் அறையில் எண்ணெய் போடும் வேலை முடிந்துவிட்டது. லிஃப்டை ஓடவிட்டுக் கீழே இறங்க வேண்டிய மெக்கானிக் இன்னும் இறங்கவில்லை. கருவிப் பெட்டியின் மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்து, கேபிளின் மறுமுனையில் தொங்கும் போனை முறைத்துக்கொண்டிருக்கிறான். திரையில் ஒரு கோடு நகர வேண்டும், நகரமாட்டேன் என்கிறது. ஒரு காலை ஆட்டுகிறான், அது அலுத்ததும் மறு காலை. "வா ராஜா, வா, பாதியில நின்னு மானத்த வாங்காத" என்று கெஞ்சுகிறான். கீழே யாரோ லிஃப்ட் வருமா வராதா என்று கத்துகிறார்கள். வரும், கோடு நகரட்டும்!

போன் கம்பெனி ஏற்றி அனுப்பிய மென்பொருளை அடியோடு பிடுங்கி எறிந்துவிட்டு, முன்பின் தெரியாத யாரோ எழுதிப் பகிர்ந்ததை அந்த இடத்தில் ஏற்றுவது இவனுடைய பைத்தியம். கஸ்டம் ரோம் என்பான். சரியாக ஏறினால் கிழட்டு போன்கூடக் குதிரையாக ஓடும். இடையில் கேபிள் அசைந்தால் போச்சு, கறுத்த திரையோடு கையில் ஒரு கட்டி மிஞ்சும். அந்தக் கட்டிக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கூட்டத்தார் வைத்திருக்கும் பெயர் செங்கல். ஒரு வீடு கட்டும் அளவுக்குச் சேர்த்துவிட்டான் என்று கூட வேலை செய்பவர்கள் அவனையே செங்கல் என்று கூப்பிடுகிறார்கள். அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறான்.

நன்றாக ஓடும் போனையும் சும்மா விடமாட்டான். நேற்று ஏற்றியது நேற்றோடு பழசு. சாப்பிடும்போது இடது கை போனில், பல் தேய்க்கும்போதும் அப்படியே. "இப்ப என்ன குறைன்னு அதப் போட்டு நோண்டற?" என்று அக்கா கேட்பாள். "குறை வர்றதுக்கு முன்னாடியே பாத்துடணும்கா" என்பான். லிஃப்ட் விஷயத்தில் இந்தப் பேச்சு சரி. போன் என்ன பாவம் செய்தது?

அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். அவனோடு ஒரே வீட்டில் இருந்தும் தன் போனை இத்தனை நாள் அவன் கண்ணில் காட்டாமல் காப்பாற்றி வந்தாள். ஒவ்வொரு கேக்கையும் ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் பார்த்து, ஒரு படம் எடுத்த பிறகுதான் பெட்டியை மூடுவாள். அந்தப் படங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். கேக் பிரிவில் நிரந்தர வேலை. மாலை வர வேண்டும், செய்த கேக்குகளைக் காட்ட வேண்டும்.

போக வேண்டிய நாள் காலை பார்த்து அவள் போன் படுத்துக்கொண்டது. ஒரு படத்தைத் தொட்டால் அடுப்பில் பால் பொங்கி அடங்கும் நேரம் யோசித்தது. "இத வெச்சுக்கிட்டு அவங்க முன்னால உக்காந்தா மானம் போயிடும்டா" என்று அவளே நீட்டிவிட்டாள். அவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குறை சொல்லக்கூடாது, ஒழுங்காகத்தான் தொடங்கினான். மென்பொருளை மாற்றவிடாமல் கம்பெனி போட்டிருக்கும் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பது பாலபாடம். அதனால் கூடத்திலிருந்து குரல் கொடுத்தான்: "அக்கா, போட்டோ எல்லாம் எடுத்தாச்சா?"

சமையலறையில் அப்போதுதான் ஒரு கேக்கைப் படம் பிடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தாள் அவள். முட்டை அடித்துக்கொண்டே சொன்னாள்: "எடுத்தாச்சு, எடுத்தாச்சு!"

அழிக்கலாமா என்று போன் கேட்டது. கட்டைவிரல் ஏற்கெனவே ஆம் மேல் இருந்தது.

புதுசு ஏறியதும் போன் பறந்தது. தொட்ட இடமெல்லாம் திறந்தது. அக்காவே வாய் பிளந்து பார்த்துவிட்டு, "சரி, என் கேக்கெல்லாம் எங்கடா?" என்றாள்.

"நீதானே எடுத்தாச்சுன்னு சொன்ன?"

"ஆமா, எடுத்தேன். படம் எடுத்தேன்!"

"நான் போன விட்டு வெளிய எடுத்து வெச்சியான்னுல்ல கேட்டேன்..." என்று இழுத்தான் அவன். இணையத்தில் நகல் இருக்குமே என்று ஒரு நொடி உயிர் வந்தது. பேட்டரியைத் தின்னும், போன் வாங்கியதுமே அதை நிறுத்திவிடு என்று அவளுக்கு யோசனை சொன்ன புண்ணியவான் இவன்தான். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஸ்டூலில் உட்கார்ந்து, "இப்ப நான் என்னத்தடா காட்டுவேன்?" என்று மட்டும் கேட்டாள். 

வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு பைக்கை எடுத்தான். கேக்குகளை வீடுவீடாகக் கொண்டு கொடுத்தது அவன்தான். கதவுகள் அவனுக்குத் தெரியும். பல்மருத்துவர் வீடு, தையற்காரி வீடு, பாதி நாள் லிஃப்ட் நிற்கும் அந்த உயரமான கட்டடம். "எங்கக்கா கேக்கு போட்டோ இருந்தா கொஞ்சம் அனுப்புங்களேன், அவசரம்." எல்லோரும் சிரித்தார்கள், தேடினார்கள், அனுப்பினார்கள். வந்ததை வந்தபடி, பார்க்கக்கூட நிற்காமல், அக்காவுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே போனான்.

ஹோட்டல் வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றபோது அவள் முகம் சிவந்திருந்தது. "ஒண்ணாவது முழுசா இருக்காடா? எல்லாம் வெட்டினது, தின்னது, விரல விட்டு நோண்டினது!"

பார்த்தான். ரோஜாக்கள் அடுக்கிய கேக்கில் பாதி இல்லை. மீதிப் பாதி ஒரு குழந்தையின் மூக்கிலும் புருவத்திலும் இருந்தது. இன்னொன்றில் பல்மருத்துவரே தட்டை நக்கிக்கொண்டிருந்தார். ஐயோ! சாப்பிடுகிற வீட்டில் முழுக் கேக்கை யார் படம் எடுப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. "மன்னிச்சுடுக்கா" என்றான். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். போனை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள் அவள்.

கண்ணாடிக் கதவில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தான். கேக் பிரிவுக்குப் பொறுப்பான அம்மாள் நின்றவாக்கிலேயே போனை வாங்கினாள். விறுவிறுவென்று படங்களைத் தள்ளினாள், அக்கா ஏதோ விளக்கம் சொல்லச் சொல்லத் தள்ளினாள். பல்மருத்துவர் தட்டை நக்கும் படத்தில் விரல் நின்றது. இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, காலால் ஒரு நாற்காலியை அக்கா பக்கம் இழுத்துப் போட்டாள்.

அக்கா உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்து, போ, போ என்று அவனை விரட்டினாள். அவன் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான். போகவில்லை.