ஈரத்துணி அக்கா சொன்ன கருத்து

வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலையில் அவருக்கு இருபத்தாறு வருஷம். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ஈரத்துணி அக்கா. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு பழைய போர்வையை நனைத்து அறை வாசலில் தொங்கவிடுவார். சுவரில் தண்ணீர் தெளித்த பிறகுதான் பழைய பெயிண்டைச் சுரண்டுவார். "அக்கா சுவத்தக் குளிப்பாட்டி விட்டுத்தான் பவுடர் போடுவாங்க" என்று பட்டி பூசுகிறவர் கிண்டலடிப்பார். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் தெளிப்பதை விடமாட்டார்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் நாள் முழுக்க உப்புத்தாள் வைத்து உலர்ந்த சுவரைத் தேய்த்தார். தண்ணீர் குடிக்க வெளியே வந்தால், பக்கத்து அறைத் தரையில் தவழ்கிற குழந்தை. இரண்டு உள்ளங்கையும் சுவர்த் தூசியில் வெள்ளை வெளேர். ஒரு கை முழுசாக வாய்க்குள். ஓடிப்போய்த் தூக்கி, கையையும் வாயையும் கழுவிவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து ஈரத்துணி.

போன வருஷம் நகராட்சி ஒரு வரைவு வெளியிட்டது. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வீட்டைப் புதுப்பிக்க வழிமுறைகள்; பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றும் போட்டிருந்தார்கள். அவருடைய கணவர் பஸ் கண்டக்டர். சாயங்காலம் அக்கா முழங்கையில் ஒட்டிய பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருக்க, அவர் போனில் அதை உரக்கப் படித்தார். வாசனை வராத பெயிண்ட், சூரியத் தகடு, மழைநீர்த் தொட்டி எல்லாம் இருந்தன.

"பூசுறதப் பத்தி நாலு பக்கம் இருக்கு. சுரண்டுறதப் பத்தி ஒரு வரி இல்லயே" என்றார் அக்கா.

எழுதிப் போடலாம் என்று கணவர் உட்கார்ந்தார். ஐந்நூறு எழுத்துக்கு மேல் படிவம் ஏற்காது. அவரோ மாண்புமிகு, மேன்மை தங்கிய என்று வணக்கம் வைத்தே பாதியைத் தீர்த்துவிட்டார். அக்கா போனை வாங்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தானே ஒற்றை விரலால் தட்டினார்: சுரண்டும் முன் சுவரை நனையுங்கள், வாசலில் ஈரத்துணி கட்டுங்கள், குழந்தைகளை வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. கட்டட நிபுணர்கள் திரையில் படம் போட்டுப் பேசினார்கள். அக்காவின் முறை வந்தபோது மைக் அவர் உயரத்துக்குச் சரியாக இல்லை, அதைத் தள்ளிவிட்டுப் பேசினார். ஜன்னலைத் திறந்துவைத்தால் தூசி போய்விடாதா என்று ஒரு அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"காத்து அடிச்சா தூசி வெளியதான் போகணும்னு இல்லீங்க. பக்கத்து ரூமுக்கும் போகும். அங்கதான் புள்ளை இருக்கும்" என்றார் அக்கா.

அதிகாரி பேனாவை எடுத்தார். மூன்று நிமிஷம் கொடுத்திருந்தார்கள்; அக்கா ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து இறுதி வடிவம் வந்தது. பதினோராம் பக்கத்தில் அவர் சொன்ன மூன்றும் இருந்தன, கொஞ்சம் அரசாங்க உடுப்பு மாட்டிய மொழியில். அக்கா ஒருமுறை படித்தார், கண்ணாடி போட்டு இன்னொரு முறை படித்தார், "சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது ஏதோ முணுமுணுவென்று பாடினார்.

கணவருக்குத்தான் பெருமையில் தலைகால் புரியவில்லை. பதினோராம் பக்கத்தை நகலெடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் பயணிகளுக்குப் படித்துக் காட்டினார். விஷயம் தெரிந்ததும் அக்கா வெட்கத்தில் அந்த பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்தினார். ஒரு வாரம் டப்பாவும் பிரஷ்ஷுமாக நடந்தே வேலைக்குப் போனார். எட்டாம் நாள் அவர் பக்கத்தில் பஸ் வந்து நின்றது.

"ஏறு. இனிமே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார் கணவர்.

அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தம் வரைக்கும் கணவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.