அருள்நாயகம் மான் வெட்டப் பழகியது

அருள்நாயகத்துக்கு இரத்தம் ஆகாது. கனடாவில் அவர்கள் இருந்த டோர்செட் பார்க் அபார்ட்மென்டில் மீன் வெட்டுவது மனைவி ரதிதான். அந்த நேரம் அவர் பல்கனியில் போய் நிற்பார். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தபோது கடைக்கு முன்னால் ஒருநாள் செல் குண்டு விழுந்து வெடித்தது. காயப்பட்டவர்களைச் சனம் தூக்கிக்கொண்டு ஓட, இவர் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். ரதியைத் தவிர வேறு ஒருவருக்கும் அதைச் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட மனுசன் மான் வேட்டைக்குப் போனது காது செய்த வேலை.

1996ஆம் ஆண்டு அது. அவருக்கு நாற்பத்தேழு வயது. ஸ்காபரோவில் யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கண்ணாடி வெட்டுகிற வேலை. எதிர் மெசினில் வேய்ன் என்றொரு வெள்ளைக்காரன், ஏறக்குறைய இவர் வயதுதான். ஒக்ரோபர் கடைசியில் ஒருநாள் இரைச்சலுக்கு மேலால் அவன் ஏதோ கத்திக் கேட்டான். டின்னருக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்து இவர் “யெஸ், யெஸ்” என்றார். வேய்ன் சந்தோசத்தில் முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் குலசிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கும் அங்கேதான் வேலை.

“அண்ணை, உவன் டின்னர் எண்டு கேக்கேல்லை. டியர். மான். வேட்டைக்கு வாறியோ எண்டு கேட்டவன்.”

“ஐயோ! நான் வரேல்லையாம் எண்டு நீ போய்ச் சொல்லிவிடன்.”

“நீங்களே சொல்லுங்கோ. உங்களுக்கு ஒரேஞ் ஜக்கெற்றும் எடுத்து வைச்சிட்டானாம்.”

இரண்டு தரம் சொல்லப் போனார். இரண்டு தரமும் வேய்ன் காட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டான். துவக்குத் தொடத் தேவையில்லை, சும்மா கூட நடந்தால் போதும் என்றான். இவரால் மறுக்க முடியவில்லை.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை காலை ஹலிபேர்ட்டன் பக்கக் காட்டில் இருவரும் ஒரு விழுந்த மரத்தில் குந்தியிருந்தார்கள். நிலத்தில் மெல்லிய ஸ்நோ. அருள்நாயகத்தின் கைவிரல்களும் கால்விரல்களும் விறைத்துப்போய் அவை இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. ஒன்பது மணிபோல ஒரு கிடாய் மான் மரங்களுக்கிடையில் வந்து நின்றது. ஒரே வெடி. மான் கொஞ்சத் தூரம் ஓடி விழுந்தது.

வேய்ன் முதலில் செய்தது, லைசன்ஸோடு வந்த அட்டையை மானில் கட்டியது. பிறகு மானை மல்லாத்திப்போட்டு, பின்காலொன்றைப் பிடிக்கச் சொன்னான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார். பின்பக்கத் துவாரத்தைச் சுற்றி வெட்டி நூலால் கட்டிவிட்டு, வயிற்றில் சின்னதாக ஒரு கீறல் போட்டான் வேய்ன். அப்போது அவன் சப்பாத்து வழுக்கியது. “ஆ” என்றான். இவர் திரும்பிப் பார்க்க, அவனுடைய இடது உள்ளங்கை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை பிளந்து கிடந்தது.

அருள்நாயகத்துக்குக் காது அடைத்தது. தலை சுற்றியது. ஆனால் அந்த இடத்தில் ஒளிந்திருக்க மூட்டையும் இல்லை, தூக்கிக்கொண்டு ஓட வேறு சனமும் இல்லை. கழுத்து மப்ளரைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

“ஹொஸ்பிற்றல். நவ்” என்றார்.

வேய்ன் மரத்தோடு சாய்ந்திருந்து கையை மேலே தூக்கிப் பிடித்தான். கட்டு நல்ல இறுக்கம், இரத்தம் நிற்குது, பத்து நிமிசம் தாங்கும் என்றான். இப்படியே விட்டுவிட்டுப் போனால் உடம்புச் சூட்டில் இறைச்சி பழுதாகிவிடும். சுட்டதை வீணாக்குவது தனக்கு ஏலாது. “நீ செய், நான் சொல்லுறன்” என்றான்.

அவருக்குக் கத்தியை எடுக்கவே ஒரு நிமிசம் பிடித்தது.

இரண்டு விரலைத் தோலுக்குக் கீழே விட்டுத் தூக்கு. கத்தியின் கூர் மேலே பார்க்கட்டும், அப்போது குடலில் படாது. அப்படியே நெஞ்செலும்பு வரை கொண்டு போ. வேய்ன் சொல்லச் சொல்ல இவர் செய்தார். வயிறு திறந்ததும் வெள்ளையாக ஆவி எழும்பியது. அந்தச் சூட்டில் விறைத்த கைவிரல்களுக்கு உயிர் வந்தது. அதை நினைக்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

“ப்ளாடரை மட்டும் வெட்டிப்போடாதே” என்றான் வேய்ன்.

“வட் இஸ் ப்ளாடர்?”

வேய்ன் யோசித்தான். பிறகு நல்ல கையால் தன் களுசானின் முன்பக்கத்தைக் காட்டி, “பீ! பீ!” என்றான்.

“ஓ, மூத்திரம்! சலப்பை!” என்றார் இவர். அந்த வலியிலும் வேய்ன் சிரித்தான். இவருக்கும் சிரிப்பு வந்தது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்த மெல்லிய சவ்வை அறுத்தார். முழங்கை வரை உள்ளே விட்டு, மூச்சுக்குழாயைத் தடவிப் பிடித்து, கண்ணால் பாராமலே வெட்டினார். பிறகு இழுக்க, எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. சலப்பை உடையவில்லை. மானைக் கவிழ்த்து இரத்தத்தை வடிய விட்டார்கள். கடைசியில்தான், தான் ஒருதரமும் கண்ணை மூடவில்லை என்று அருள்நாயகத்துக்கு நினைவு வந்தது.

கயிற்றில் கட்டி மானை ட்ரக்குக்கு இழுத்து வந்ததும், ஆஸ்பத்திரிக்கு ட்ரக்கை ஓட்டியதும் அவர்தான். வேய்னுக்குப் பதினொரு தையல். அன்றிரவு அவன் காட்டக் காட்ட, மானைத் தோலுரித்து இறைச்சியைத் துண்டு போட்டதும் இவர்தான்.

ஞாயிறு பின்னேரம் ஒரு கூலர் நிறைய இறைச்சியோடு வீட்டுக் கதவைத் தட்டினார். ரதி கூலரைத் திறந்து பார்த்துவிட்டுக் கதவைப் பாதி மூடினாள்.

“இஞ்சாருங்கோ, நாளைக்குக் கந்தசஷ்டி விரதம் துவங்குது. நான் குசினி முழுக்கக் கழுவி முடிச்சிட்டன். உதை உள்ளுக்குக் கொண்டராதேங்கோ.”

கூலர் இரண்டு மாடி கீழே பேர்ணடெற்றின் வீட்டுக்குப் போனது. மன்னார்க்காரி, வேதக்காரி; அவளுக்கு விரதம் இல்லை. தன் பிரீசரை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தாள்.

“நல்ல துப்புரவா வெட்டியிருக்கு. ஆர் அண்ணை வெட்டினது?”

“நான்தான்.”

அவள் நம்பவில்லை. மேலே வந்து ரதியிடம் கேட்டாள். ரதி கணவனின் கைகளைப் பார்த்தாள். நகக்கண்களில் இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்தது.

“போய்க் குளியுங்கோ” என்றாள் மெதுவாக. “சுடுதண்ணி வருது.”

விரதம் முடிந்த மற்றக் கிழமை ரதி மிளகு தூக்கலாகப் போட்டு ஒரு சட்டி பிரட்டல் வைத்தாள். அதில் பாதி வேய்னுக்குத் தொழிற்சாலைக்குப் போனது. அவன் மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டான்.

அடுத்த வருடம் அருள்நாயகம் வகுப்புக்குப் போய் வேட்டை லைசன்ஸ் எடுத்தார். முதல் இரண்டு வருடமும் ஒரு மானையும் அவர் சுடவில்லை. ஆனால் அந்தக் காட்டில் வேய்னின் கூட்டாளிகள் யார் சுட்டாலும், கத்தியை அவர் கையில்தான் கொடுத்தார்கள்.