போர்வையில் நின்ற வீடு

தெருவே அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடும். அவள் கணவர் ராத்திரி பஸ் ஓட்டுபவர். பகலில் தூங்கினால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட முடியும். வாடகை அறையின் தகரக் கூரையோ காலையிலேயே அடுப்பாகிவிடும். போன மாதம் ஓட்டும்போதே அவருக்குக் கண் செருகியது. அன்றே அவள் முடிவு கட்டிவிட்டாள்: கூடப் பிறந்த அக்கா தன் கொல்லையில் கொடுத்த மூலையில், கையகல வீடானாலும் சரி, பகலில் குளிர்ந்து கிடக்கும் வீடு.

வீட்டுப் படம் வரைய அவளுக்கு வராது. வெட்டவும் தைக்கவும் வரும். கணவரைக் கை நீட்டச் சொல்லி, குனியச் சொல்லி, படுக்கச் சொல்லி டேப்பால் அளந்தாள். மூங்கில் நட்டு, பழைய போர்வைகளைச் சுவராகத் தைத்து, மேலே ஓலை போட்டு, நிஜ அளவிலேயே வீட்டை நிறுத்திவிட்டாள். இது சரியாக வந்தால் அப்படியே வெயிலில் காய்ந்த மண்கல்லில் எழுப்ப மேஸ்திரி தயார்.

"என்ன தையலக்கா, கதவுக்குக் கொக்கி வைப்பீங்களா, பட்டன் வைப்பீங்களா?" என்றார் பார்க்க வந்த மேஸ்திரி.

"முதல்ல உள்ள ஆள் படுக்கட்டும்."

உச்சி வெயிலில் கணவர் பாயோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வேர்த்து ஊற்ற எழுந்து உட்கார்ந்தார். "ஏம்மா, அது தகர அடுப்பு, இது துணி அடுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். காற்று வரும் பக்கம்தானே ஜன்னல் வைத்தோம்? வெளியே ஓடிச் சுற்றிப் பார்த்தாள். பின்சுவர்ப் போர்வை பாய்மரம் போல உப்பி நின்றது. அப்போதுதான் உறைத்தது. பழகிய கை, உடம்பைக் கவ்வும் ரவிக்கை மாதிரியே வீட்டையும் தைத்து வைத்திருக்கிறது. காற்று வர வழி இருக்கிறது. போகத்தான் வழி இல்லை!

"நகருங்க, நகருங்க!" ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையை ஒட்டி நீளமாகக் கத்தரித்தாள். உப்பிய துணி பொசுக்கென்று அமுங்கியது. உள்ளிருந்த வெக்கையெல்லாம் அவள் முகத்தில் மோதிக்கொண்டு வெளியேறியது.

"போகுது! மேஸ்திரி, போகுது! கை வச்சுப் பாருங்க!"

"அட, ஆமா!" அவருக்கும் குஷி பிடித்துக்கொண்டது. "ஆனா மழை அடிச்சா உள்ள வரும். கூரையை இங்க ரெண்டு முழம் இழுத்து இறக்கணும்."

"இறக்குங்க! பக்கத்துச் சுவர்லயும் ஒண்ணு வெட்டவா?"

"வெட்டுங்க, என் வீட்டுப் போர்வையா என்ன?"

"என்னங்க, இப்ப எப்படி இருக்கு?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். வெட்டிய இடைவெளி வழியே எட்டிப் பார்த்தாள். மனுஷர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்!

"அப்ப மண்கல்லை எப்ப..." என்று மேஸ்திரி தொடங்க, அவள் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள். குதிக்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. ஸ்டூல் மேலிருந்தே கையை ஆட்டி ஆட்டி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்: "நாளைக்கே! நாளைக்கே!"