சரோஜாக்கா வைஃபையும் என் இன்டர்வியூவும்

பேயி, பிசாசு, காத்து கருப்புன்னு யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போயி பாத்திரம் வெளக்குற ஆளுங்க நான். எங்க மாமியா ஒரு தடவ புளியமரத்தாண்ட எதையோ பாத்தேன்னு சொன்னப்ப, கண்ணாடி பவர மாத்துங்க அத்தைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ. அதனால இப்ப நான் சொல்றத நீங்க நம்பலன்னா எனக்கு ஒன்னும் வருத்தம் இல்ல, நானா இருந்தா நானே நம்ப மாட்டேன். இது ராத்திரியில கூட நடக்கல. பட்டப்பகல்ல, மூணு மணி வெயில்ல, மந்தாரக்குப்பத்துல எங்க வாடக வூட்ல நடந்துச்சு. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிடுங்க, நடுவுல சிரிச்சா எனக்குக் கோவம் வரும்.

கோவம்னா சும்மா இல்ல, ஊரறிஞ்ச கோவம். பால்காரர் தண்ணி ஊத்துனாலும் கத்துவேன், கேஸ்காரர் சிலிண்டர தெருவுலயே எறக்கி வச்சிட்டுப் போனாலும் கத்துவேன். அப்பேர்ப்பட்டவளுக்கு வந்த வேல என்னா தெரியுமா? சென்னையில ஒரு மிக்சி கம்பெனி. மிக்சி ஓடல, பிளேடு ஒடஞ்சிடுச்சின்னு போன்ல திட்றவங்ககிட்ட வூட்லேந்தே பொறுமையா பேசணும். எங்க வூட்டுக்காரரு கேட்டுட்டு வயித்தப் புடிச்சிகினு சிரிச்சாரு. நீ கம்ப்ளெயின்ட் கேக்கப் போறியா, நீயே ஒரு கம்ப்ளெயின்டாச்சேடின்னாரு.

சிரிச்சாரே தவிர அவருக்கும் உள்ளுக்குள்ள பயந்தான். நிலக்கரி மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல, கரி ஓடுற பெல்ட்ட சுத்தம் பண்ணிகினு இருந்தாரு. கான்ட்ராக்ட் கை மாறுச்சு, புதுசா எடுத்தவரு தன்னோட ஆளுங்களயே கூட்டினு வந்துட்டாரு. கூப்புடுவாங்க கூப்புடுவாங்கன்னு பாத்து பாத்து அலுத்துப் போயி, திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஆள் எடுக்கறாங்க, குடும்பத்தோட போயிடலாம்னு முடிவு பண்ணிட்டாரு. எனக்கு உசுரே போன மாதிரி ஆயிடுச்சு. பாப்பா ஒம்பதாவது படிக்கிறா, எங்க அம்மா காடாம்புலியூர்ல முட்டி ஆபரேஷன் பண்ணிகினு தனியாக் கெடக்குறாங்க, என்னாத்துக்கு நான் தெரியாத ஊர்ல போயி ஒக்காரணும்? கடைசியா பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த வேல எனக்குக் கெடச்சா இங்கயே இருக்கலாம், இல்லன்னா மாசக் கடைசியில சாமான் கட்ட வேண்டியதுதான். இன்டர்வியூ அன்னிக்கு அவரு திருப்பூர்ல வூடு பாத்துகினு நிக்கிறாரு. நான் போன் பண்ணி ஆவலன்னு சொன்னா அட்வான்ஸ் குடுத்துடுவாரு. அப்படி ஒரு நாளு அது.

லேப்டாப்பு என் தம்பியோடது, பன்னெண்டாவதுல கவர்மென்ட்ல குடுத்தது. பண்ருட்டியிலேந்து வந்து அவனே எல்லாம் செட் பண்ணிக் குடுத்துட்டுப் போனான். ரெண்டு கனெக்ஷன் போட்டு வச்சான். ஒன்னு, மாடியில இருக்குற ஹவுஸ் ஓனர் சரோஜாக்கா வூட்டு வைஃபை. இன்னொன்னு, அது போச்சுன்னா மாத்திக்கிறதுக்கு என் போன் ஹாட்ஸ்பாட்டு. கீழ ஓரமா ஒரு விசிறி மாதிரி படம் இருக்கும், அத அமுக்குனா ரெண்டும் வரும், எது வேணுமோ அத தொடுக்கா, அவ்ளோதான்னான். அவ்ளோதானாம். அவன் பஸ் ஏறுனதுமே சனியன் ஆரம்பிச்சிடுச்சு.

என்னா ஆச்சுன்னா, அந்த லேப்டாப்புக்கு சரோஜாக்கா வைஃபை மேல அப்படி ஒரு பாசம். நான் ஹாட்ஸ்பாட்ட தொட்டு, கனெக்ட் ஆயி, நல்லா ஓடிகினு இருக்கும். மாடியிலேந்து ஒரு கோடு சிக்னல் எட்டிப் பாத்தாப் போதும், என்னக் கேக்காம கொள்ளாம அங்கத் தாவிடும். தாவுனா அங்க நெட்டு இருக்காது, நோ இன்டர்நெட்டுன்னு மஞ்சக் கலர்ல காட்டினு ஒக்காந்திருக்கும். தம்பிய போன்ல கேட்டா, தானா கனெக்ட் ஆவறதுக்கு ஒரு டிக் இருக்கும் அத எடுத்துடுன்னான். எடுத்தேன். மறுபடி வந்து பாத்தா டிக் இருக்குது. எத்தினி தடவதான் எடுக்கறது?

சரி, இன்டர்வியூ. லேப்டாப்புல வீடியோ கால்தான். வெளிச்சம் மூஞ்சியில வுழணும்னு தம்பி சொன்னதால வாசப்பக்கம் பாத்து ஒக்காந்தேன். முதுகுக்குப் பின்னாடி நேரா சமையக்கட்டு, அதுக்கும் பின்னாடி தோட்டத்துக் கதவு. ஃபேன் சத்தம் கேக்கும்னு அத நிறுத்திட்டு காத்துக்காக அந்தக் கதவத் தொறந்து போட்டிருந்தேன். பாப்பா ஸ்கூல்ல. வூட்ல என்னத் தவிர ஒரு ஈ காக்கா கெடையாதுங்க, இத நல்லா ஞாபகம் வச்சிக்குங்க.

அந்தப் பக்கம் ரெண்டு பேரு. ஷீலா மேடம்னு ஒருத்தங்க, கூட ஒரு சாரு. மொதல்ல பேரு, படிப்பு, ஊருன்னு கேட்டாங்க, நானும் குரல எறக்கி, தேன் ஊத்துன மாதிரி பேசினு இருந்தேன். அப்ப அந்த சாரு, ஒரு கஸ்டமர் போன்ல விடாம கத்துறாரு, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறேன், அவரு மூஞ்சி அப்படியே நின்னுபோச்சு. நடுவுல ஒரு வட்டம் சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

பாத்தா, சரோஜாக்கா வைஃபை மஞ்சக் கலர்ல நிக்கிது. ஹாட்ஸ்பாட்ட தொட்டேன், கனெக்ட் ஆச்சு, அப்பாடான்னு மூச்சு வுடறதுக்குள்ள மறுபடி மாடிக்குத் தாவிடுச்சு. ஃபர்கெட்டுன்னு ஒன்னு இருந்துச்சா, இந்த எழவெடுத்த வைஃபைய மறந்தே தொலையட்டும்னு அமுக்குனேன். அமுக்குனது எதுலன்னு நெனைக்கிறீங்க? ஹாட்ஸ்பாட்டுல. இப்ப அது புதுசா பாஸ்வேர்டு கேக்குது. தம்பி போட்டு வச்ச பாஸ்வேர்டு எனக்கு எங்க தெரியும்? அவனுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டேங்குறான்.

போன்லயே தேடி பாஸ்வேர்ட கண்டுபுடிச்சி அடிச்சேன். கனெக்ட் ஆச்சு, ஆனா நெட்டு வரல, ஏன்னா எங்க வூட்டுக்குள்ள டவர் வந்து வந்து போவும், அந்நேரம் பாத்து சுத்தமாப் போயிடுச்சு. போனத் தூக்கிகினு தோட்டத்துக்கு ஓடுனேன். துணி தொவைக்கிற கல்லு மேல ஏறி நின்னா டவர் இருக்குது, ஆனா அங்கேந்து லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட்டு எட்டல. உள்ள வந்தா டவர் இல்ல, வெளிய போனா லேப்டாப்பு இல்ல. மாடியப் பாத்து அக்கா அந்த வைஃபை டப்பாவ ஒரு தடவ அமத்திட்டு மறுபடி போடுங்கன்னு கத்துனா, அவங்க பலாப்பழம் வெட்டிகினு இருக்காங்க, கையெல்லாம் பாலும் எண்ணெயுமா இருக்குது, தொடச்சினு வரேம்மான்னு சாவகாசமா சொல்றாங்க. எனக்கு எங்கேந்துதான் வந்துச்சோ, உங்க வைஃபையும் வேணாம் உங்க பலாப்பழமும் வேணாம்னு தெருவே கேக்கற மாதிரி கத்திட்டேன். உள்ளயும் வெளியவும் போனத் தலைக்கு மேல புடிச்சிகினு எத்தினி தடவ ஓடுனேன்னு எனக்கே தெரியாது. தலமுடி அவுந்துடுச்சு. லேப்டாப்பத் திட்டுனேன், தம்பியத் திட்டுனேன், திருப்பூரத் திட்டுனேன், கடைசியில அடுப்பு மேடையில தலையச் சாச்சி ஓன்னு அழுதேன். ஒவ்வொரு தடவ உள்ள வந்தப்பவும் ஸ்கிரீனப் பாத்தேங்க. அந்த வட்டம் சுத்திகினேதான் இருந்துச்சு. சத்தியமா சொல்றேன்.

கடைசியா உள்ள வரப்ப வட்டம் இல்ல. சரோஜாக்கா டப்பாவ அமத்தி போட்டாங்களா, ஹாட்ஸ்பாட்டுதான் வந்துச்சா, அதெல்லாம் நான் பாக்கல. ரெண்டு பேரும் பளிச்சுன்னு தெரியிறாங்க. நான் இன்னும் சேர்ல ஒக்காரக்கூட இல்ல, மூக்கச் சிந்திகினு நிக்கிறேன், சாரி மேடம்னு சொல்ல வாயெடுக்கறேன். அதுக்குள்ள ஷீலா மேடம் சிரிச்சிகினே, ரொம்ப நல்லாப் பேசுனீங்க, வேற கேள்வி இல்ல, நாங்களே கூப்புடுறோம்னு சொல்லிட்டு கட் பண்ணிட்டாங்க. என்னா ஒரு நக்கல் பாருங்கன்னு நெனச்சேன். வூட்டுக்காரருக்குப் போன் பண்ணி, எல்லாம் போச்சு, அட்வான்ஸ் குடுத்துடுங்கன்னுட்டேன். அவரு ஒரு நா பொறுத்துதான் குடுக்கறேனேன்னாரு, நல்ல வேளையா.

மறுநாளே செலக்ட் ஆயிட்டீங்கன்னு போன் வந்துச்சு. எனக்குப் புரியல. நான் கேள்விக்குப் பதிலே சொல்லலியே? தம்பிகிட்ட கேட்டா, நெட்டு உன் பக்கம்தான் நின்னுருக்கும், அவங்க பக்கம் ஓடியிருக்கும், ஏதோ சமாளிச்சிட்டாங்க, வேல கெடச்சிதுல்ல, ஆராயாதேன்னான். அதுவும் சரிதான்னு வுட்டுட்டேன். சந்தோஷத்துல எவ ஆராய்வா? அவரு திரும்பி வந்தாரு, பாப்பா அதே ஸ்கூல்ல இருக்கா, அவருக்கும் பக்கத்துல ஒரு லாரி ஷெட்ல வேல அமைஞ்சிது. சரோஜாக்காகிட்ட மன்னிப்புக் கேட்டு அதே பலாப்பழத்துல ரெண்டு சொள வாங்கித் தின்னேன்.

ஆறேழு மாசம் போயிருக்கும். ஒரு நா வேல முடியிற நேரத்துல ஷீலா மேடம் கூப்புட்டாங்க. உங்களப் பத்தி நல்ல பேருங்க, கஸ்டமருங்களே எழுதுறாங்கன்னு சொல்லிகினு வந்தவங்க, சட்டுனு குரலத் தாழ்த்தி, ரொம்ப அக்கறையா கேட்டாங்க.

"உங்க வீட்ல அந்தக்கா இப்ப எப்படி இருக்காங்க?"

எந்தக்கா மேடம்னேன்.

"அதாங்க, இன்டர்வியூ அன்னிக்கு உங்களுக்குப் பின்னாடி போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு உள்ளயும் வெளியவும் ஓடிக்கிட்டு, கத்தி அழுதுக்கிட்டு இருந்தாங்களே. உங்க ஜாடையாவே இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் பயந்தே போயிட்டோம். நீங்க ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல."

எனக்குக் கூடப் பொறந்தது தம்பி ஒருத்தன்தாங்க. அக்கா தங்கச்சி கெடையாது. அன்னிக்கு அந்த சாரு கேட்ட கேள்விக்கு நான் என்னா மேடம் சொன்னேன், மறந்துபோச்சுன்னு சிரிக்கிற மாதிரி கேட்டேன். அவங்களும் சிரிச்சிட்டாங்க. அத எப்படிங்க மறப்பீங்க, அதுக்காகத்தானே உங்கள எடுத்தோம்னாங்க.

"கத்தட்டும் சார், கத்தி முடிக்கட்டும்னு சொன்னீங்க. இந்த வூட்லயே ஒருத்தி எந்நேரமும் கத்திகினுதான் இருக்கா, எனக்குப் பழகிடுச்சுன்னீங்க."

அந்த வீடியோ எதுவும் சேத்து வச்சிருக்கீங்களான்னு அப்பறம் ஒரு நா கேட்டுப் பாத்தேன், அதெல்லாம் எடுக்கறதில்லன்னுட்டாங்க. வூட்டுக்காரர்கிட்ட பாதி சொன்னேன், ஷீலா மேடம் வேற யாரோட இன்டர்வியூவயோ நெனச்சிகினு பேசுறாங்கன்னாரு. இருக்கலாம். ஆனா "பழகிடுச்சு"ன்னு சொன்னவ எத்தினி வருஷமா கேட்டுகினு இருந்திருப்பா? அத அவர்கிட்ட கேக்கல, அவரு சிரிப்பாரு.

இன்னிக்கும் அதே சேருதான், வாசப்பக்கம் பாத்தபடிதான். போன்ல எவ்ளோ திட்டுனாலும் எனக்குக் கோவம் வர்றதில்ல, அது எப்படின்னு எனக்கே தெரியல. வேல முடிஞ்சி எழுந்தா பழைய ஆளாயிடறேன், பால்காரர்கிட்ட கத்துறேன், பாப்பாகிட்ட கத்துறேன். ஆனா இப்பல்லாம் பாதியிலயே நிறுத்திடறேன். பாப்பா கேக்குறா, ஏம்மா கத்தினு இருக்கறப்ப திடீர்னு நிறுத்திட்டு அந்த சேரப் பாக்குறன்னு.