புழு தூங்கும்போது பாடுகிறவர்

என் வீட்டுக்காரர் சவரி போனுக்கு முன்னால் உட்கார்ந்தால் பாட்டாகக் கொட்டுவார். என் முன்னால் உட்கார்ந்தால் “ம்”, “சரி”, “குழம்புல உப்பு கம்மி” இந்த மூன்றுதான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, நாலாவதாக ஒன்று நான் கேட்டதில்லை. “அண்ணா, உங்க குரல் மனசை என்னமோ பண்ணுது” என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள். எனக்கும் பண்ணும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போனை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் இந்த மனுஷனுக்குச் சோறு போட வேண்டும்.

எங்கள் ஊர் கடத்தூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் நடுவில் ரோட்டு மேலேயே இருக்கிறது. லாரிச் சத்தம், டிராக்டர் சத்தம், மாதா கோயில் மைக், எதிர்வீட்டு டிவி. வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டைப் பதிவு பண்ணவே முடியாது. அதனால் இவர் பாடுவது எல்லாம் எங்கள் மல்பெரிக் காட்டில் இருக்கிற புழு மனையில்தான். மனை என்றால் பட்டுப்புழு வளர்க்கிற நீளமான ஷெட். ஆனால் அங்கேயும் நினைத்த நேரத்தில் பாட முடியாது. புழு மல்பெரித் தழை தின்னும்போது தகரத்தின் மேல் தூறல் போட்ட மாதிரி சத்தம் வரும். தோல் உரிக்கிற நேரம் வந்தால்தான் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினபடி அசையாமல் கிடக்கும். அதைத்தான் நாங்கள் தூக்கம் என்போம். மொத்தம் நாலு தூக்கம். முதல் ரெண்டும், குஞ்சுப் புழுவை வளர்த்து விற்கிற சாக்கி சென்டரிலேயே முடிந்துவிடும். மூன்றாவதும் நாலாவதும் எங்கள் மனையில். அப்போது தழை போடக் கூடாது. சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மற்ற வீடுகளில் அந்த நேரம் பார்த்துத்தான் துணி துவைப்பார்கள், சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருவார்கள். இவர் கிடாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். போனைப் பிடிக்க நான். மூச்சு கூட விடக் கூடாது.

கிடார் படித்தது கோயில் பாடகர் குழுவில். வாலிபத்திலிருந்து அதில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு தாளமும் தானே போடுகிற கீபோர்டு ஒன்று வந்தது. இவர் யாரிடமும் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் சொந்தமாகக் கட்டிப் பாட ஆரம்பித்தது. விலை இல்லாமல் தக்காளியை ரோட்டில் கொட்டினதைப் பற்றி ஒன்று, அரூர் பஸ்ஸில் படியில் நிற்கிறவர்களைத் திட்டியே தொண்டை கட்டிப்போன கண்டக்டரைப் பற்றி ஒன்று. பாட்டு என்றால் பெரிய சங்கதி எல்லாம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

என் நாத்தனார் மகன் ஆரோக்கிய பிரவீன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவன்தான் இதையெல்லாம் யூடியூபில் போடுகிறவன். ஒரு தடவை இவரை ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே எக்கோ கொடுத்து, அடியில் டிரம்ஸ் போட்டு, திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். “கெணத்துல உழுந்தவன் கத்தற மாதிரி இருக்குது” என்று சொல்லிவிட்டு இவர் பஸ் ஏறி வந்துவிட்டார். அதோடு ஸ்டுடியோ ஆசை முடிந்தது.

இப்போது என் மகள் கதைக்கு வருகிறேன். சொல்லவந்ததே அதுதான்.

எங்களுக்கு ஒரே மகள், அமுதா. அவளும் ஓசூரில்தான் வேலைக்குப் போனாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. மாலையும் கழுத்துமாக என் மகள், பக்கத்தில் ஒரு பையன். சந்திரமோகன், அரூர்ப் பக்கம், இந்துக் குடும்பம், அவளோடு வேலை செய்கிறவன். ரிஜிஸ்டர் ஆபீஸில் முடித்துவிட்டார்கள். இவர் போட்டோவை வெகு நேரம் பார்த்தார். “ஓலை கூட படிக்கல” என்றார். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் சொல்லி ஓலை படிப்பார்கள். “சவரி, அருள்ராணி ஆகியோரின் மகள் அமுதா” என்று சாமியார் படிப்பதைக் கேட்க வேண்டும் என்று அவள் ஞானஸ்நானம் வாங்கின நாளிலிருந்தே இவருக்கு ஆசை. அது நடக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பேரை விட்டவர்தான், அப்புறம் வாயில் எடுக்கவே இல்லை.

நானாவது போனில் காது கிழியக் கத்தினேன். ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினேன். ஒரு வாரம் கழித்து “சாப்பிட்டியாடி?” என்று ஆரம்பித்துவிட்டேன். பெற்ற வயிறு, என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து அவள் பேசுவாள். இவருக்கு அது தெரியும். திரும்பி வரும்போது தூரத்திலேயே இருமிக்கொண்டு வருவார், நான் போனை வைக்கட்டும் என்று. தெரியாத மாதிரி இருப்பதில் இந்த மனுஷனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

“வூட்டுக்கு வாடி” என்று நான் எத்தனையோ தடவை கெஞ்சினேன். “அப்பா கூப்புடட்டும், வரன்” என்றாள். இவரைக் கேட்டால் “ம்”. நடுவில் நான். என் மகள் என் வாசப்படி மிதிக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றியே என் கை சலித்துப்போனது.

அப்படி இருக்கும்போது ஒரு மூன்றாம் தூக்கத்தில் இவர் புதுப் பாட்டு ஒன்றைப் பாடினார்.

*வெட்டுன மல்பெரி துளுத்து நிக்குது*
*வேலியில அவரை பூத்து நிக்குது*
*மூணு தட்டு கழுவி வைக்கிறோம்*
*ரெண்டு தட்டுல சோறு இருக்குது*

மூன்று தட்டையும் கழுவுகிறவள் நான். இவர் என்றைக்குக் கழுவினார்? பாட்டு முழுக்க அவளைத்தான் பாடினார். அவள் பேரைச் சொல்லவில்லை. அந்தத் தட்டு வரியில் நான் மூக்கை உறிஞ்சினது கூடப் பதிவாகிவிட்டது, அதை அப்படியே விட்டுவிட்டார்.

பிரவீன் அதைப் போட்டான். அந்தப் பாட்டு ஓடின ஓட்டத்தை என்னவென்று சொல்வது! எங்கெங்கோ இருக்கிறவர்கள் அழுதோம் என்று எழுதினார்கள். கோயமுத்தூர்ப் பெண் ஒருத்தி, இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நாள் கழித்து அப்பாவுக்கு போன் செய்தேன் என்று எழுதியிருந்தாள். பார்த்தீர்களா, யாரோ ஒருத்தி, யாரோ ஒரு அப்பாவுக்கு! பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு வீட்டு மாடியில் கொஞ்சம் பேர் மட்டும் உட்கார்ந்து கேட்பார்களாம், மைக் கிடையாதாம், இந்தப் பாட்டைக் கட்டாயம் பாட வேண்டுமாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. வாயால் சொல்லவில்லை. ஆனால் கடத்தூர் போய் மீசையைத் திருத்திக்கொண்டு வந்தார். வேறு எதற்காம்?

நான் மகளின் போனுக்குத்தான் காத்திருந்தேன். ஞாயிறு வந்தது.

“பாட்டு கேட்டியா? எப்படிடி இருந்தது?” என்றேன், ஆசையாக.

“பாதியில நிறுத்திட்டன்” என்றாள். “கூட வேலை செய்யற பொண்ணு போனை நீட்டி, ‘பாவம் இந்தப் பெரியவரு, எந்தக் கழுதையோ இப்படி உட்டுட்டுப் போயிருக்குது பாரு’ங்குறா. அந்தக் கழுதை நாந்தான்னு சொல்ல முடியுமாம்மா? ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது. எம் நெம்பரு அவருக்குத் தெரியாதா? அவரு பாடிட்டாரு, எல்லாரும் அழுதுட்டாங்க, முடிஞ்சுபோச்சு. இனிமே அவரு கூப்புடவே வேணாம்.”

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. பாட்டு முழுக்கத் தேடினாலும் ‘வா’ என்று ஒரு வார்த்தை கிடையாது. தன் துக்கத்தை ஊரெல்லாம் பகிர்ந்துகொண்டார், மகளை மட்டும் கூப்பிடவில்லை.

இவர் தோட்டத்திலிருந்து வந்ததும் அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கழுதை முதற்கொண்டு.

“பாதியில நிறுத்திட்டாளா?” என்றார்.

“அதுவா இப்ப முக்கியம்? எவ எவளோ எழுதறதை ராத்திரி பகலா படிக்கிறீங்களே, பெத்த பொண்ணு சொன்னது காதுல உழலையா?” என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். இவர் வாசலில் நின்றுகொண்டே பிரவீனைக் கூப்பிட்டார்.

“அந்தப் பாட்டை எடுத்துடு.”

“மாமா, வெளாடாதீங்க. அதுதான் ஓடிக்கிட்டு இருக்குது. பெங்களூருக்காரங்க கேட்டதே அதைத்தான்.”

“வரலன்னு சொல்லிடு.”

அவன் எனக்கு போன் போட்டு அழாத குறையாகக் கேட்டான். “அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க.”

“எடுடா, எடு” என்றேன். எடுத்துவிட்டான்.

சரி, இப்போது மகளுக்கு போன் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. மறுநாளும் போடவில்லை. பாட்டை எடுத்ததோடு கடன் தீர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ. ஆத்திரம் தாங்காமல் ரெண்டு வேளைக் குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன். அதையும் “ம்” என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். கல்லை வைத்துக் குடித்தனம் பண்ணலாம்.

நாலாம் தூக்கம் வந்தது. மதியம் சுண்ணாம்பு தூவி முடித்ததும் இவர் கிடாரை எடுக்கவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. போனை மட்டும் எடுத்துக்கொண்டு மனைக்குள் போனார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னாலேயே போய் ஜன்னல் வலையோரம் நின்றுகொண்டேன். இவருக்குக் காதில் வைத்துப் பேச வராது, எப்போதும் ஸ்பீக்கர்தான். அதனால் மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

“ஹலோ” என்றாள் அமுதா.

இவர் வாயைத் திறந்தார், மூடினார். திரும்பத் திறந்தார். சத்தம் வரவில்லை. அந்தப் பக்கம் அவளும் பேசவில்லை, வைக்கவும் இல்லை. உள்ளே ஒரு இலை அசைகிற சத்தம் கூட இல்லை. பேசித் தொலைங்களேன் என்று வலையைப் பிய்த்துக்கொண்டு கத்திவிடுவேன் போல இருந்தது.

“புழு தூங்குதாப்பா?” என்றாள்.

அந்த மனையில் தவழ்ந்து வளர்ந்தவள். எந்தச் சத்தமும் இல்லை என்றால் அது எந்த நேரம் என்று அவளுக்குத் தெரியாதா?

“ம்.”

“மூணாவதா, நாலாவதா?”

“நாலாவது.”

“எப்ப எழும்பும்?”

“நாளைக்கு மத்தியானம்.”

“தழை வெட்ட ஆளு வெச்சிருக்கீங்களா?”

நாலாம் தூக்கம் முடிந்து எழும்பின புழு பேய் மாதிரித் தின்னும். வெட்டி மாளாது. அதற்காகக் கோவிந்தம்மாளிடமும் அர்ச்சுனனிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். சொல்லி வைத்ததே இவர்தான்.

“ஆளே இல்ல” என்றார் என் வீட்டுக்காரர். பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்புறம் சொன்னார், “நீ வா. அவரையும் கூட்டிக்கிட்டு வா.”

நான் ஜன்னலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். கோபத்திலும்தான், இந்த ஒரு சொல்லுக்கு ரெண்டு வருஷம் ஆக்கினாரே!

மறுநாள் வந்தார்கள், பைக்கில். மாப்பிள்ளை முதல் தடவையாக மாமனார் வீட்டுக்கு வருகிறார் இல்லையா, புதுச் சட்டை போட்டு, அதற்கு மேல் கமகமவென்று சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அமுதாவின் தலையில் மல்லிகைப்பூ. வந்த வேகத்தில் ரெண்டு பேரும் நேராக மனைக்கே வந்துவிட்டார்கள். இவர் உள்ளே தழை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அங்கயே நில்லுங்க! உள்ள வராதீங்க!”

சந்திரமோகன் முகத்தில் ஈயாடவில்லை. பைக்கைப் பார்த்துத் திரும்பினார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? சென்ட், ஊதுவத்தி, கொசுவத்தி எது பட்டாலும் புழு செத்துப்போகும், இது மனை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அமுதா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ சென்ட்டு! சொல்ல மறந்தே போயிட்டன். உங்களைத் தொரத்தலைங்க, சென்ட்டைத் தொரத்தறாரு!” என்று பூவைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

“குளிச்சிட்டு வரச் சொல்லு” என்றார் இவர், தழையைப் பார்த்துக்கொண்டே. “கொடியில என் லுங்கி கெடக்குது, குடு.”

மாப்பிள்ளை நல்ல உயரம். இவர் லுங்கி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் நின்றது. அதைக் கட்டிக்கொண்டு தழைக் கட்டைத் தூக்கி வந்தார். கோவிந்தம்மாளும் அர்ச்சுனனும் வந்து நின்றதைப் பார்த்து அமுதா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். இவர் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் கடைசித் தழை போடும்போது நாங்கள் நாலு பேரும் மனைக்குள் இருந்தோம். புழு தின்கிற சத்தம் காதை அடைத்தது.

“அப்பா, அந்தப் பாட்டை மீதி பாடுங்க” என்றாள் அமுதா.

“புழு தின்னுது. சத்தம்.”

“இப்ப யாரு ரெக்கார்டு பண்றாங்க?”

இவர் கிடார் இல்லாமல், கையில் தழையோடு பாடினார். மெதுவாகத்தான் பாடினார். கிட்டே போனால்தான் கேட்டது, எல்லோரும் கிட்டே போனோம். மூன்று தட்டு வந்த இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. திரும்ப எடுத்தார், வரவில்லை. இத்தனை பாட்டுக்கும் மூச்சை அடக்கி போன் பிடித்தவள் நான், எனக்கு ஒவ்வொரு வரியும் தெரியும். சுருதியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. மீதியை நான் பாடினேன்.