மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

என் வீட்டுப் பரணில் ஒரு கயிற்றுச் சுருள் கிடக்கிறது. ஒரு முனையில் நாலு முழம் மட்டும் சேறு ஏறிக் கறுத்திருக்கும். மிச்சம் கடையிலிருந்து வந்த நிறம் மாறவில்லை. ஆடிக் காற்று ஜன்னலைத் தட்டும் நாட்களில் அதன் நினைவு வந்துவிடும். பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

அது எங்கள் சர்வே ஆபீஸ் டிராப்ட்ஸ்மேனின் நங்கூரக் கயிறு. இரண்டாவது பெரிய சண்டைக்கு முந்தின வருஷம், ஆடி மாதம். ஆனி என்று அவர் இன்றும் சாதிக்கிறார். ஆனியில் அல்சூர் ஏரியில் அவ்வளவு காற்று நான் கண்டதில்லை, ஆகவே ஆடிதான். அப்போது அவரிடம் ஒரு பழைய பாய்ப்படகும், படகோட்டுவது பற்றிய தடித்த புத்தகம் ஒன்றும் இருந்தன. பட்டாளத் தண்டுப் பகுதியில் தையற்கடை வைத்திருந்தவரின் மகளை அவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறுகள் கல்யாண ஓலை வாசித்து, தடை சொல்ல யாரேனும் உண்டா என்று சாமியார் கேட்பது வழக்கம். முதல் இரண்டு ஞாயிறும் மாப்பிள்ளை ஏரியில் இருந்தார். தையற்காரர் ஆபீசுக்கே வந்து, எங்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போனார்: "மூணாவது ஓலைக்கும் உங்களைக் காணோம்னா, தடை இருக்கான்னு சாமியார் கேக்கறப்ப நானே எழுந்து நிப்பேன்."

அப்படியும் அந்த ஞாயிறு விடியலில், பூசைக்கு முன் ஒரே ஒரு சுற்று என்று என்னையும் எங்கள் நண்பரான ஆஸ்பத்திரி கம்பவுண்டரையும் அழைத்துப் போனார். நடு ஏரியில் காற்று பிடித்துக்கொண்டது. துடுப்பு ஒன்று முறிந்தது. பாயைச் சுருட்டி, நங்கூரத்தைப் போட்டுக் காத்திருந்தோம். கரையில் துணி துவைப்பவர்கள் தெரிந்தார்கள். மரங்களுக்கு மேலே கோயில் கோபுரம் தெரிந்தது. மூவருக்கும் நீச்சல் தெரியாது. படகு ஒரு பக்கம் இழுபடும், திரும்பும், மறுபக்கம் இழுபடும். நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"உன் மாமனார் இந்நேரம் எழுந்திருக்கறதுக்கு முட்டியைத் தேச்சிக்கினு இருப்பாரு," என்றார் கம்பவுண்டர்.

"சும்னே இருப்பா. காத்து அடங்கற வரைக்கும் படகை விட்டு எறங்கவே கூடாது. புஸ்தகத்துல தெளிவா போட்டிருக்கான்."

"அதை எழுதினவனுக்கு எந்தத் தையக்காரன் பொண்ணு குடுத்தானாம்?"

டிராப்ட்ஸ்மேன் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசைக்கு இரண்டாம் மணி அடித்தது காற்றை மீறி லேசாகக் கேட்டது. இருப்புக்கொள்ளாமல் எழுந்த கம்பவுண்டர், தாம் இவ்வளவு நேரம் எதன்மேல் உட்கார்ந்திருந்தோம் என்று குனிந்து பார்த்தார்.

"ஏம்பா, நங்கூரம் அடியில போய் உக்காந்துடுச்சுன்னியே. கயிறு பூரா எனக்குக் கீழதான இருக்குது?"

சுருள் காய்ந்து கிடந்தது. சின்னக் குட்டையின் ஆழத்தைக்கூட விடாமல் வரைபடத்தில் எழுதுபவர், தம் நங்கூரம் எத்தனை முழத்தில் தரை தொட்டது என்று பார்க்கவில்லை. நடு ஏரி என்றால் ஆழம் என்று மூவருமே நம்பியிருந்தோம். அவர் செருப்பைக் கழற்றினார். படகின் விளிம்பைப் பிடித்தபடி இறங்கினார். தண்ணீர் மார்பு வரை வந்து நின்றது. சேற்றில் நாலடி தள்ளாடி நடந்தவர் திரும்பி, "நீங்க படகை விட்டு எறங்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பின் காத்திருந்ததுதான் கொடுமை. காற்று எங்களிடமிருந்து கோயிலை நோக்கி அடித்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஓலை வாசித்தாயிற்றா, தையற்காரர் எழுந்தாரா, ஒன்றும் தெரியவில்லை.

தையற்காரர் எழுந்தார் என்பதைப் பிறகு டிராப்ட்ஸ்மேனே சொன்னார். சாமியார் கேட்டதும் அவர் எழுந்து நிற்க, கோயில் முழுவதும் திரும்பியது. வாசலில் மாப்பிள்ளை சேறு சொட்ட நின்றிருந்தார். தையற்காரரும் திரும்பிப் பார்த்தார். பிறகு தம் கோட்டைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்து, அவருக்குப் போர்த்தி, தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நாங்கள் கண்டது அதற்குப் பிந்தியது. கோட்டு இல்லாமல் தெருவில் இறங்காத மனிதர் வெறும் சட்டையோடு கரையில் நின்றார். அவர் கோட்டு டிராப்ட்ஸ்மேன் மேல் இருந்தது.

"இன்னும் யாருக்காகக் காத்துக்கினு இருக்கறீங்க? எறங்கி நடங்க. ஆப்பம் ஆறுது," என்று கத்தினார் தையற்காரர்.

கல்யாணத்துக்குப் பின் படகு கைமாறியது. கயிறு என்னிடம் வந்தது. இப்போது ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி. டிராப்ட்ஸ்மேன் லிங்கராஜபுரத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். இன்று காலையும் காற்று பலமாக அடித்தது. நான் பரணிலிருந்து சுருளை இறக்கி, கறுத்த நாலு முழத்தை விட்டுவிட்டு, நனையாத மிச்சத்தைக் கையால் அளந்துகொண்டே இருந்தேன்.