விரிசலுக்கு ஒரு பாவி

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பதுளைத் தேவாலயத்துக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுவார்கள். நேற்று அந்தப் பக்கம் போனபோது ஈரச் சுண்ணாம்பின் நெடி மூக்கில் ஏறியது. எல்லோருக்கும் கிறிஸ்மஸ் என்றால் கேக் வாசம். எனக்கு இந்த நெடிதான். அந்த நேரம் பார்த்து எங்கள் இளம் போதகர் வந்து நின்றார். நல்ல பிள்ளை, ஆனால் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாது. "டீச்சர், வாலிபர் வகுப்ப நீங்க எடுங்களேன். இந்த மாசம் கடவுளின் நீதி" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன். யோசிக்க உட்கார்ந்தால் வேறொன்றும் வரவில்லை, அந்த மலைதான் வருகிறது.

எனக்கு முதல் நியமனம் கிடைத்தது நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஏறிப்போக வேண்டும். முதல் நாளே புதுச் செருப்போடு, தேயிலை நடுவே தண்ணீர் வடியும் கானுக்குள் விழுந்து, முழங்கால்வரை சேற்றோடு போய் நின்று, "குட் மோர்னிங்" சொன்னவள் நான். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிறிஸ்தவப் பிள்ளை என்று தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை வாலிபர் வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, மலையில் முதுகைச் சாய்த்தபடி ஒரு சின்ன ஆலயம். போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபை மூப்பர் ஞானமுத்துதான் எல்லாம். மலையில் கங்காணி வேலை, ஆலயத்தில் பிரசங்கம். இரண்டுக்கும் அவருக்கு ஒரே குரல். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாகப் போய் ஜெபித்துவிட்டு, பெனடோல் மாத்திரையும் கொடுத்துவிட்டு வருவார்.

அந்த ஆலயத்தின் பின்சுவரில் ஒரு விரிசல் இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அதில் சீமெந்து பூசி, மேலே வெள்ளையடித்துவிடுவார்கள். ஆண்டவர் பிறக்கிற வீடு அழகாக இருக்க வேண்டாமா? இப்படி வருடா வருடம் மூடியதில் அது எங்கே தொடங்கியது, எவ்வளவு வளர்ந்தது என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் தை மாதத்திலேயே பூச்சு பிளந்து, விரிசல் தரையில் இறங்கி, வாசலைத் தாண்டி லயத்துக் கான்வரை ஓடியிருந்தது. வகுப்பு நடக்கும்போது அதற்குள்ளிருந்து குளிர்ந்த மண் வாசம் வரும். நான் பெஞ்சைத் தள்ளிப் போட்டுக்கொள்வேன்.

பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் லயத்தை விட்டு எழும்பிவிட வேண்டும் என்றார்கள். எங்கே போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் ஒன்றாகப் போய்த் தோட்டத்தை நடத்தும் துரையிடம் மாற்றிடம் கேட்போம் என்று லயத்தில் பேச்சு எழுந்தது. அது நடந்திருந்தால் இதை எழுதவே தேவையிருந்திருக்காது.

மூப்பரின் மகன் டேனியல் என் வகுப்பில்தான் இருந்தான். வாய் ஓயாத பயல். ஒருநாள் விரிசலுக்குக் குறுக்கே சோற்றுப் பசையால் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, "இது கிழிஞ்சா செவுரு நகருதுன்னு அர்த்தம் டீச்சர்" என்றான். அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனோம். காகிதம் நட்டநடுவே கிழிந்திருந்தது. அன்று அவன் வாசலோரம் போய் உட்கார்ந்துகொண்டான்.

இதற்கிடையில் மாசி மாதம் வந்து, லயத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடந்தது. சந்தனம் என்றொருவர், என் வகுப்பு ரெபேக்காவின் அப்பா, அங்கே போய்த் தப்பு மேளம் அடித்தார். ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்பிருந்தே அவர் அடித்த தப்பு அது. அவர் கை படாவிட்டால் கூத்து களை கட்டாது என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள், போனார். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த ஞாயிறு மூப்பர் பிரசங்கத்துக்கு ஒரு வேதக் கதையை எடுத்தார். ஒருவன் விலக்கப்பட்ட பொருளைத் திருடித் தன் கூடாரத்தில் புதைத்து வைக்கிறான். அதனால் மொத்த ஜனமும் போரில் தோற்கிறது. அவனைக் கண்டுபிடித்து, குடும்பத்தோடு கல்லெறிந்து கொன்ற பிறகுதான் கடவுளின் கோபம் தணிகிறது. கதையை முடித்துவிட்டு மூப்பர் திரும்பி விரிசலைக் காட்டினார். "நம்ம நடுவுலயும் ஒருத்தன் இருக்கான். ஞானஸ்நானம் வாங்கின கை தப்படிக்கலாமா? செவுரு ஏன் பொளக்காது?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ரெபேக்கா தலையை நிமிர்த்தாமல் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அன்று வகுப்பில் டேனியல்தான் ஆரம்பித்தான். "டீச்சர், அவன் திருடினான், சரி. அவன் புள்ளைங்க என்னா செஞ்சிச்சு? அதுங்களயும் ஏன் கொன்னாங்க?" கடவுளின் நீதி என்பது ஆள் பிடிக்கிற வேலை இல்லை, இளைத்தவன் பக்கம் நிற்பதுதான் நீதி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய கண்கள் என்னைவிட்டு ரெபேக்காவிடமும், அவளைவிட்டு விரிசலிடமும் போய் வந்துகொண்டிருந்தன.

மூப்பரைத் தனியாகப் பிடித்துச் சண்டை போட்டேன். "நீங்க படிச்சவங்க டீச்சரம்மா. ஆனா இது ஆவிக்குரிய விஷயம்" என்று மரியாதையாகவே என்னை அனுப்பிவைத்தார். அதன் பிறகு துரையிடம் போகும் பேச்சே எழவில்லை. எதற்குப் போக வேண்டும்? குற்றவாளிதான் கிடைத்துவிட்டானே. சந்தனம் வீட்டோடு பேச்சு நின்றது. மலைத் தண்ணீர் பிடிக்கும் பீலியில் ரெபேக்காவின் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். வெயில் காலம் தொடங்குகிற சமயத்தில் அந்தக் குடும்பம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்கிப் போனது. பஸ் ஏறும்வரை கூடப் போனவர்கள் நானும் டேனியலும்தான்.

அவர்கள் போனதும் மூப்பர் சுவரைப் பூசி வெள்ளையடித்தார். டேனியல் புதுக் காகிதம் ஒட்டினான். கிழியவில்லை. வாரக்கணக்கில் கிழியவில்லை. "பாத்தீங்களா டீச்சரம்மா? ஆண்டவரு மனசு எறங்கிட்டாரு" என்றார் மூப்பர். எங்கள் ஊவா மாகாணத்தில் அது மழையே எட்டிப்பார்க்காத காலம் என்று சொன்னேன். அதைக் கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை. சனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். எனக்குத்தான் அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் பயம் கூடிக்கொண்டே போனது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. ஆலயக் கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. தோளால் இடித்துத் திறந்தோம். உள்ளே காகிதம் இரண்டாகக் கிடந்தது. டேனியல் எல்லோர் முன்னாலும் தன் அப்பாவிடம், "அப்பா, இப்பவே எறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம்" என்றான். நானும் மன்றாடினேன். மூப்பர் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் யாரோ இருக்காங்க."

அந்த வாரம் முழுக்க மழை ஊற்ற ஊற்ற, லயத்தில் அடுத்த பாவியைத் தேடினார்கள். குடிக்கிறவன் யார், புருஷனைவிட்டு வந்தவள் யார், காணிக்கை போடாதவன் யார் என்று லயத்து அறைகளில் காம்பராவுக்குக் காம்பரா விசாரணை. துணிந்த சில குடும்பங்கள் மட்டும் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தன. டேனியல் வரவில்லை. அவன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை.

அது ஒரு காலை நேரம். வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறியிருந்தார்கள். கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். லொறி ஒன்று கல் கொட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. வெளியே ஓடிப் பார்த்தால் ஆலயமும் இல்லை, லயமும் இல்லை. சிவந்த மண் மெதுவாக இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. மூப்பர் வேறு மலையில் வேலையில் நின்றதால் தப்பினார். அவருடைய மனைவியையும் டேனியலையும் எடுக்கவே முடியவில்லை.

ரெபேக்காவை நான் இப்போதும் பார்ப்பேன். பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் நிற்கிறாள். நேற்று வீட்டுக்குப் போக மனமில்லாமல் அங்கே போய் உட்கார்ந்தேன். போதகர் கேட்டதைச் சொன்னேன். அவள் பிரித்த சேலையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மண்ணு சரிஞ்ச பெறகு அந்தச் சனங்க எங்க அப்பாகிட்ட வந்து என்னா சொன்னாங்க தெரியுமா டீச்சர்? நீ நீதிமான், அதுனாலதான் ஆண்டவரு ஒன்ன முன்னாலயே வெளிய எடுத்தாருன்னாங்க. அப்பா அன்னைக்கி அழுத மாதிரி ஒரு நாளும் அழுததில்ல. பாவின்னப்பவும் எங்கள பத்தித்தான் பேசினாங்க. நீதிமான்னப்பவும் எங்கள பத்தித்தான் பேசினாங்க. மண்ண பத்தி யாருமே பேசலயே."

இப்போது அந்த இடத்தில் மானாப்புல் ஆள் உயரம் நிற்கிறது. மிஞ்சியவர்கள் ஆளுக்கொரு தோட்டமாகச் சிதறிப் போனார்கள். காமன் கூத்தும் அங்கே இல்லை, ஞாயிற்று ஆராதனையும் இல்லை. ஒற்றையடிப் பாதையும் மூடிவிட்டது. அதே மலையில், கொஞ்சம் தள்ளி, இன்னொரு லயம் மட்டும் இருக்கிறது. அதில் ஆட்கள் இருக்கிறார்கள்.